இடப்பக்கத்துச் சைலன்சர் இரண்டு

போர்ட் பிளேரில் டாலிகஞ்சுப் பக்கம் பெரிய சாலையிலிருந்து பிரிந்து மேலே ஏறும் ஒரு சிமெண்டுச் சரிவு உண்டு. ஏறுகிறவர்கள் பாதியில் ஒரு தரம் இடுப்பில் கை வைத்து நிற்காமல் உச்சிக்குப் போனதில்லை. உச்சியில் இரண்டே வீடுகள். ஒன்று முத்துவீரனுடையது. இன்னொன்றில் குணாவும் அவன் மனைவி பிரியங்காவும் குடியிருந்தார்கள். முத்துவீரன் வீட்டு வாசலுக்கும் பிரியங்காவின் படுக்கையறை ஜன்னலுக்கும் நடுவே பதினெட்டு அடி இருக்கும். இந்தக் கதை முழுக்க அந்தப் பதினெட்டு அடியைப் பற்றியதுதான்.

முத்துவீரனுக்கு ஐம்பத்து நான்கு வயது. ஃபீனிக்ஸ் பே துறையிலிருந்து காலை ஆறு மணிக்கு ஹேவ்லாக் கிளம்பும் முதல் படகில் என்ஜின் டிரைவர். படகு ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டுமென்றால் ஐந்து மணிக்குள் அவர் துறைக்குப் போய் என்ஜினைச் சூடாக்கத் தொடங்க வேண்டும். அந்த நேரத்தில் பஸ் கிடையாது. ஆட்டோக்காரர்கள் அந்தச் சரிவில் ஏறுவதும் கிடையாது. அவருக்கு இருந்ததெல்லாம் ஒரு பழைய ராஜ்தூத் முந்நூற்றைம்பது. இரண்டு சிலிண்டர் வண்டி. சிலிண்டருக்கு ஒன்றாக இரண்டு பக்கமும் இரண்டு நீளமான சைலன்சர்கள். முப்பத்தைந்து வயது தாண்டிய வண்டி என்றாலும் ஓடும்போது தையல் இயந்திரம் போல ஒரே சீராக இருக்கும். "உங்க அண்ணன் என்னோட பேசுறதைவிட அதோட பேசுறதுதான் ஜாஸ்தி" என்று அவர் மனைவி மங்கையர்க்கரசி வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். முத்துவீரன் மறுத்ததில்லை.

கடல் காற்று இரும்பை விடுவதில்லை. அந்த ஜூன் மாதம் முதல் மழை விழுந்த வாரத்தில், வலப்பக்கத்துச் சைலன்சர் துறையின் வாசலிலேயே இரண்டாக முறிந்து விழுந்தது. கையில் எடுத்தால் அப்பளம் மாதிரி நொறுங்கியது. இடப்பக்கத்தது உருவம் மாறாமல் இருந்ததே தவிர, உள்ளே சத்தத்தை அடக்கும் துளைக் குழாய் துருப்பிடித்து உதிர்ந்துபோயிருந்தது. கிக்கரை உதைத்ததும் வண்டி போட்ட கூச்சலில், துறைப் பாலத்தின் மேல் உட்கார்ந்திருந்த காக்கைகள் மொத்தமாக எழுந்து பறந்தன.

அதே வாரத்தில்தான் பிரியங்காவின் குழந்தையும் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தது.

எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட பெண் குழந்தை. பவானி என்று பெயர். ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்து அனுப்பினார்கள். "நல்லாத் தூங்கணும். தூங்கினாத்தான் எடை ஏறும். வாரா வாரம் கொண்டுவந்து எடை பாருங்க" என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். குணா சென்னைக்குப் போய்வரும் கப்பலில் கேன்டீன் வேலை. ஒரு தடவை கிளம்பினால் திரும்ப இரண்டு வாரம். பிரியங்காவின் பெற்றோர் திக்லிபூரில், நடவு நேரத்தில் வயலை விட்டு வர முடியாமல் இருந்தார்கள். ஆக அந்த வீட்டில் இருபத்து நான்கு வயதுப் பெண்ணும், ஒரு தலையணைக்குள் அடங்கிவிடுகிற குழந்தையும் மட்டும்.

குழந்தை வந்த மறுநாள் விடியற்காலை முத்துவீரன் வாசலில் வண்டியை நிறுத்திக் கிக்கரின் மேல் காலை வைத்தார். எதிர் ஜன்னலைப் பார்த்தார். காலை எடுத்துவிட்டார். பிறகு வண்டியை நியூட்ரலில் போட்டு, பிரேக்கைப் பிடித்துப் பிடித்து, கன்றுக்குட்டியை இறக்குவது போலச் சரிவில் நடத்திக்கொண்டே இறக்கினார். பெரிய சாலைக்குப் போய்த் திருப்பத்தைத் தாண்டிய பிறகுதான் கிக்கரை உதைத்தார். சாயங்காலம் அதே திருப்பத்தில் வண்டியை அணைத்துவிட்டு மேலே தள்ளினார். வண்டி நூற்று ஐம்பது கிலோ. கீழேயே விட்டுவிட்டு வரலாம் என்றால், ஒரு பக்கம் வடிகால், மறுபக்கம் சாலையை அகலப்படுத்தத் தோண்டிப் போட்டிருந்தார்கள். நிறுத்த இடமில்லை.

"என்ன, வண்டி ஸ்டார்ட் ஆகலையா?" என்று மங்கையர்க்கரசி கேட்டாள்.

"ஆகுது."

"அப்புறம் எதுக்கு இந்தத் தேர் இழுக்குற வேலை?"

அவர் எதிர் ஜன்னலை முகவாயால் காட்டினார்.  மங்கையர்க்கரசி முழங்காலுக்குத் தேய்க்கும் தைலத்தை மேசையின் முன்பக்கம் நகர்த்தி வைத்தாள்.

பிறருக்கு ஒரு நல்லது செய்கிறோம் என்று தெரியாமலே செய்கிறவர்கள் உண்டு. முத்துவீரன் அந்த வகை. குழந்தை தூங்குகிறது, சத்தம் போடக்கூடாது. அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்த விஷயம். அதைப் பிரியங்காவிடமோ குணாவிடமோ சொல்ல வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

ஆனால் மழைக்காலத்து அந்தமானில் சிமெண்டுச் சாலை நான்கே நாளில் பாசி பிடித்துவிடும். இரண்டாவது வாரம் ஒரு காலையில் பாதிச் சரிவில் அவர் கால் வழுக்கியது. வண்டி சாய்ந்து கணுக்காலின் மேல் விழுந்தது. அதைத் தூக்கி நிறுத்தி, நொண்டிக்கொண்டே துறைக்குப் போய்ச் சேர்ந்தபோது இருபது நிமிடம் தாமதம். பயணிகள் வரிசை பாலம் வரை நின்றது. நான்கு நாள் கழித்துக் கீழே போய் உதைத்தால் வண்டி எழும்பவே இல்லை. மழைத் தண்ணீர் ஏறியிருந்தது. அன்றைக்கும் தாமதம்.

மேலதிகாரி நல்ல மனிதர்தான். கூப்பிட்டு உட்கார வைத்தே சொன்னார். "முத்துவீரன், உங்க மேல எனக்கு ஒண்ணும் இல்லை. ஆனா முதல் போட் லேட் ஆனா எல்லாப் போட்டும் லேட். இன்னொரு தரம் ஆச்சுன்னா உங்களை கேம்பல் பே கப்பல்ல போட வேண்டியிருக்கும். அங்க சாயங்காலம்தான் டியூட்டி ஆரம்பிக்கும்."

கேம்பல் பே கப்பல் என்றால் கிரேட் நிக்கோபார் வரை போய்த் திரும்ப ஒரு வாரம். கல்யாணமான இருபத்தாறு வருடத்தில் முத்துவீரன் பெரும்பாலும் இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருந்திருக்கிறார். மங்கையர்க்கரசிக்குப் பிள்ளையில்லை. சாயங்காலம் அவர் வந்து படியில் உட்கார்ந்து காலைக் கழுவும் சத்தம்தான் அந்த வீட்டின் ஒரே சத்தம். அன்று சாயங்காலம் முருகன் கோயிலில் போய் நின்றார். "வேலைய மாத்தாம இருக்கணும், புள்ளையும் தூங்கணும். ரெண்டையும் நீதான் பாத்துக்கணும்" என்று சொல்லிவிட்டு, இருட்டிய பிறகு வீடு திரும்பினார். அவர் வேண்டுதல்கள் எப்போதும் இப்படித்தான், நேரே விஷயத்துக்கு வந்துவிடும்.

மறுநாள் காலை சரிவில் இறங்கும்போது ஒன்றைக் கவனித்தார். அவர் வாசலிலிருந்து கீழ்த் திருப்பம் வரை, சாலையின் இடது ஓரமாக ஒன்றரை அடி அகலத்துக்குப் பாசியே இல்லை. வெள்ளையாகத் தேய்த்து எடுத்திருந்தது. பிளீச்சிங் பவுடர் வாசனை அடித்தது. கால் கெட்டியாகப் பதிந்தது.

"முனிசிபாலிட்டியில நல்ல ஆளுங்க வந்துட்டாங்க போலிருக்கு" என்று சாயங்காலம் மங்கையர்க்கரசியிடம் சொன்னார்.

"வந்திருப்பாங்க, வந்திருப்பாங்க" என்றாள் அவள், மீனைத் திருப்பிப் போட்டபடி.

வழுக்கல் போனாலும் தள்ளுவது தள்ளுவதுதான். மழை கொட்டும் நாளில் இன்னும் தாமதமாகும். வண்டிக்குச் சைலன்சர் மாற்றியே ஆக வேண்டும்.

பஜாரில் தமிழ்வாணன் என்று ஒருவர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருந்தார். நாற்பது வயதுக்காரர். பழைய வண்டி என்றால் உயிர். முத்துவீரன் வண்டி பஜாரைக் கடக்கும்போதெல்லாம் கடையை விட்டு வெளியே வந்து பார்ப்பார். விஷயம் கேட்டதும் உள்ளே போய் ஒரு நீளப் பெட்டியை எடுத்து வந்தார். திறந்தால் எவர்சில்வர் குடம் போலப் பளபளக்கும் ஒரு ஜோடி ரேஸ் சைலன்சர். வயிறு பெருத்து, வால் சிறுத்து, பார்க்கவே அழகு.

"உங்க வண்டிக்குன்னே செஞ்சது மாதிரி. பெங்களூர்ல இருந்து எனக்காக வரவழைச்சேன், என் வண்டி வித்துப் போச்சு. சும்மாவே எடுத்துக்குங்க அண்ணாச்சி. ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் எனக்கு ஓட்டக் குடுத்தாப் போதும். இதுக்குத் துரு பிடிக்கவே பிடிக்காது."

அரை மணி நேரத்தில் மாட்டியும் விட்டார். முத்துவீரன் கிக்கரை உதைத்தார். அந்தச் சத்தம் இருக்கிறதே, பொய் சொல்வானேன், அதைக் கேட்டு அவர் நெஞ்சே ஒரு துள்ளுத் துள்ளியது. இருபது வயதில் கேட்டிருந்தால் அன்றே வண்டியை எடுத்துக்கொண்டு ஊரைச் சுற்றியிருப்பார். தமிழ்வாணன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"ஒரு நிமிஷம். நீங்க முறுக்குங்க" என்று சொல்லிவிட்டு முத்துவீரன் இறங்கினார். கடை வாசலிலிருந்து அடிமேல் அடி வைத்து எண்ணிக்கொண்டே நடந்தார். பதினெட்டு அடியில் திரும்பி நின்றார். அங்கே ஓர் ஆட்டோ நின்றிருந்தது. பின்சீட்டில் டிரைவர் காலை வெளியே நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தார். தமிழ்வாணன் முறுக்கினார். ஆட்டோக்காரர் தூக்கிவாரிப் போட்டு எழுந்து, தலை கம்பியில் இடித்து, "அரே பாய், சோனே தோ நா" என்று கத்தினார். தூங்க விடுங்கப்பா என்று முத்துவீரனுக்கு அந்த ஆளே சொல்லிவிட்டது போல இருந்தது.

திரும்பி வந்து, "கழட்டிருங்க தமிழ்" என்றார்.

"என்ன அண்ணாச்சி? பிடிக்கலையா?"

"ரொம்பப் பிடிச்சிருக்கு. அதான் சீக்கிரம் கழட்டுங்கன்னு சொல்றேன்."

தமிழ்வாணன் காரணம் கேட்டார். முத்துவீரன் சொன்னார். தமிழ்வாணன் ஸ்பேனரைக் கையில் எடுத்தபடியே, "அப்ப உங்களுக்கு கம்பெனி மாடல்தான் சரி. உள்குழாய் வச்சது. இங்க கிடைக்காது. சென்னையில புதுப்பேட்டைல தேடினாக் கிடைக்கும். போட்டோ அனுப்பி ஏமாந்துறாதீங்க, மாதிரி குடுத்து விடுங்க" என்றார். கழற்றிய கூலிகூட வாங்கவில்லை.

மாதிரி கொடுத்து விடுவது என்பது தீவுக்காரர்களுக்குப் பழக்கமான விஷயம். சென்னைக்குக் கப்பலில் போகிறவர் யாரானாலும் அவர் பையில் ஊராரின் பொருள்கள் இருக்கும். பிய்ந்த செருப்பு, தீர்ந்த மாத்திரை அட்டை, உடைந்த மிக்ஸி மூடி, ஒரு கண் போன மூக்குக் கண்ணாடி. அதைக் காட்டி, அதே மாதிரி வாங்கி வருவார்கள். வாயால் சொல்வதைவிட அதுதான் நிச்சயம் என்று எல்லோரும் நம்பினார்கள். முத்துவீரனும் நம்பினார்.

குணாவின் கப்பல் மறுநாள் கிளம்புவதாக இருந்தது. முத்துவீரன் இடப்பக்கத்துச் சைலன்சரைக் கழற்றி, சாக்கில் சுற்றிக் கொண்டுபோனார். வலப்பக்கத்தது கையில் எடுத்தாலே உதிர்கிறது, அதை எப்படிக் கப்பலில் அனுப்புவது? குணா வாசலிலேயே வாங்கிக்கொண்டான். சாக்கிலிருந்து துரு அவன் வெள்ளைச் சட்டையில் ஒட்டியது. அவன் தட்டிவிட்டுக்கொள்ளக்கூட இல்லை.

"சொல்லுங்கண்ணே, என்ன வேணும்?"

"இதே மாதிரி ரெண்டு. வேற ஒண்ணுமில்ல. இதே மாதிரி ரெண்டு."

"ரெண்டு. சரிண்ணே. நீங்க சொல்லி வாங்காம வருவேனா?"

குணா இல்லாத நாள்களில் மரக்கட்டைகளை வைத்து இரண்டு பக்கத்துக் குழாய்களையும் அடைத்துப் பார்த்தார். ஈரத் துணியைச் சுற்றிப் பார்த்தார். எதற்கும் வண்டி அடங்கவில்லை. தள்ளுவதுதான் வழி. பதினைந்து நாள் தள்ளினார். தினமும் கால்மணி நேரம் முன்னதாகவே எழுந்தார். ஒரு நாளும் தாமதமில்லை. ஆனால் முழங்கால் வீங்கிப் பலாக்கொட்டை மாதிரி பளபளவென்று ஆகிவிட்டது. இதற்கிடையில் வெள்ளைப் பாதையில் இரண்டு தரம் பாசி பிடிக்கப் பார்த்தது. இரண்டு தரமும் யாரோ தேய்த்திருந்தார்கள்.

கப்பல் வந்த அன்று சாயங்காலம் குணா நேரே முத்துவீரன் வீட்டுக்குத்தான் வந்தான். தோளில் சாக்கு மூட்டை. முகமெல்லாம் வெயிலும் சிரிப்பும்.

"பதினோரு கடைண்ணே. பதினோரு கடை ஏறி இறங்கினேன். ஒருத்தன் புதுசுன்னு பெயிண்ட் அடிச்சுக் குடுக்கப் பார்த்தான், நகத்தால சுரண்டிக் காட்டினேன். இன்னொருத்தன் வேற வண்டியோடதைக் குடுத்து, கப்பல் ஏறிட்டா யாரு திரும்பி வந்து கேக்கப்போறான்னு நினைச்சான் போல. கடைசிக் கடையில ஒரு பெரியவர். புதுப் பெட்டி, பிரிக்காத சரக்கு. அவரு மட்டும் கேட்டாரு, தம்பி ரெண்டும் இதேதானான்னு. ஆமா பெரியவரே, எங்க அண்ணன் தெளிவாச் சொல்லிவிட்டாரு, இதே மாதிரி ரெண்டுன்னேன்."

முத்துவீரன் சாக்கைப் பிரித்தார். கறுப்பும் வெள்ளியுமாக இரண்டு புதுச் சைலன்சர்கள். உள்ளே துளைக் குழாய் முழுசாக இருந்தது. ஒன்றை எடுத்து வண்டியின் இடப்பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அச்சாகப் பொருந்தியது. இரண்டாவதை எடுத்துக்கொண்டு வலப்பக்கம் போனார். வைத்துப் பார்த்தால் பொருந்தவில்லை.

அதுவும் இடப்பக்கத்தது.

வண்டியோடு சேர்த்து முடுக்கும் இரும்புக் காது உட்பக்கமாக இருக்க வேண்டியது வெளிப்பக்கமாக இருந்தது. தகட்டின் இணைப்புத் தையலும் வெளியே தெரிந்தது. முப்பது வருடம் என்ஜினோடு வாழ்ந்தவருக்கு அந்த ஒரு நொடியில் எல்லாம் புரிந்தது. இடது ஒன்றைக் கொடுத்து, இதே மாதிரி இரண்டு என்று சொல்லி அனுப்பியவர் அவரேதான். இடது வலது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பையன் சொன்னதைச் சொன்னபடியே செய்திருக்கிறான்.

"என்னண்ணே, சரியா இருக்கா?"

குணாவின் சட்டை முதுகில் உப்புப் பூத்திருந்தது. வீட்டுக்குப் போய்க் குழந்தையைக்கூட இன்னும் பார்க்கவில்லை. சென்னையில் அவனுக்குக் கிடைத்தது ஒரே ஒரு பகல். அந்தப் பகல் முழுக்கப் புதுப்பேட்டையில் போயிருக்கிறது. இப்போது தவறைச் சொன்னால், அது யார் தவறாக இருந்தாலும், இந்தச் சிரிப்பு போய்விடும். தன் தவறுக்கு இன்னொருவர் முகம் வாடக்கூடாது என்று முத்துவீரனுக்குத் தோன்றியது.

"அருமையா இருக்குப்பா. இந்த மாதிரிச் சரக்கு நான் பத்து வருஷமாப் பாத்ததில்ல. ரொம்ப நன்றி குணா. போ, முதல்ல புள்ளையைப் பாரு."

அவன் போனதும் மங்கையர்க்கரசி அடுப்படி வாசலில் வந்து நின்றாள். "முகம் ஏன் இப்படிப் போச்சு?"

அவர் சொன்னார். அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். ரொம்ப நேரம் சிரித்தாள். பிறகு, "நல்லவேளை, அவன்கிட்ட ஒண்ணும் சொல்லல. அதுக்கே முருகன் உங்களுக்கு வழி காட்டுவான், போங்க" என்றாள்.

அந்த வழி ஒச்சப்பன். துறைப் பட்டறையில் வெல்டர். அப்பா காலத்திலேயே உசிலம்பட்டியிலிருந்து வந்த குடும்பம். வாயைத் திறந்தால் கிண்டல்தான் வரும். மறுநாள் மதியம் படகு திரும்பியதும் முத்துவீரன் இரண்டையும் அவன் மேசையில் வைத்து விஷயத்தைச் சொன்னதும் ஒச்சப்பன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினான்.

"ஏய்யா, முப்பது வருசமா என்ஜின் ஓட்டுற. ஒத்தச் செருப்பைக் குடுத்துவிட்டு, இதே மாதிரி ரெண்டு வாங்கிட்டு வான்னு சொல்லியிருக்க. நல்லவேளை நீ கப்பல் கட்டலய்யா. ஒரு பக்கமே ரெண்டு தடவ கட்டியிருப்ப."

"சொல்லிக்க. ஆனா ஊருக்குள்ள சொல்லாத."

"யாருக்குச் சொல்லக்கூடாது? வாங்கிட்டு வந்த பையனுக்கா?"

"ஆமா."

ஒச்சப்பன் அவரை ஒரு பார்வை பார்த்தான். அதற்கப்புறம் வேலை முடியும்வரை கிண்டல் இல்லை. சைலன்சரைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டான். காதை வெட்டி எடுத்து, மறுபக்கத்தில் வைத்து ஒட்ட வேண்டும். வெளிவாய் பார்க்கும் திசையைக் கொஞ்சம் திருப்ப வேண்டும். தகடு மெல்லியது, தீ அதிகமானால் ஓட்டை விழுந்துவிடும். சாப்பாட்டு இடைவேளை முழுக்கச் சாப்பிடாமல் உட்கார்ந்து, பொட்டு வைப்பது போலத் தொட்டுத் தொட்டு ஒட்டினான்.

"தையல் மட்டும் வெளிய தெரியும். ஒட்டின தழும்பும் தெரியும். அதுக்கு ஒண்ணும் பண்ண முடியாது" என்றான் கடைசியில்.

"தெரியட்டும். உனக்கு என்ன தரணும்?"

"முருகன் கோயில் பஞ்சாமிர்தம். உங்க வீட்டுக்காரம்மா கையால வாங்கினது. நீ வாங்கினா இடது கையால வாங்கிட்டு வந்துருவ."

அன்று சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே முத்துவீரன் வாசலில் உட்கார்ந்து இரண்டையும் மாட்டினார். கடைசி மரையை முடுக்கும்போது குணா வந்து பக்கத்தில் குந்தினான். வலப்பக்கத்துச் சைலன்சரைத் தடவிப் பார்த்தான். விரல் தழும்பில் நின்றது. எழுந்து இடப்பக்கம் போய்ப் பார்த்தான். மறுபடி வலப்பக்கம் வந்தான்.

"அண்ணே. ரெண்டும் ஒரே பக்கத்துதா?"

முத்துவீரன் ஸ்பேனரைக் கீழே வைத்தார். "தப்பு என்னுது குணா. நான்தான் ஒண்ணை மட்டும் குடுத்துவிட்டேன்."

"அதுக்குத்தான் அந்தப் பெரியவர் ரெண்டும் இதேதானான்னு கேட்டாரா." குணா தலையில் கை வைத்துக்கொண்டான். "ஒரு தரம் இல்லண்ணே, மூணு தரம் கேட்டாரு. நான் கோவப்பட்டுட்டேன், எங்க அண்ணனைவிட உங்களுக்குத் தெரியுமான்னு."

"அட, அவர் என்ன நினைச்சிருப்பார்."

"உங்க அண்ணனுக்குக் கும்பிடு போடுறேன்னு சொல்லு தம்பின்னாரு. அப்ப புரியல."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும், "அடுத்த ட்ரிப்ல ஒண்ணை மாத்திக் கொண்டுவந்துடறேன்" என்றான் குணா.

"வேண்டாம்."

"தழும்பா இருக்கேண்ணே."

"இருக்கட்டும்ப்பா. நீ பதினோரு கடை ஏறினதும், ஒச்சப்பன் சோறு தின்னாம ஒட்டினதும் இதுல இருக்கு. மாத்தினா அதெல்லாம் போயிரும்."

அப்போது ஜன்னலில் பிரியங்கா தெரிந்தாள். குரலைத் தாழ்த்தி, "அண்ணே, பாப்பா இப்பத்தான் தூங்கினா. ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க" என்றாள்.

"இப்பவா? எழுந்துட்டா என்ன பண்றது?"

"எழுந்தா நான் பாத்துக்கறேன். நீங்க எத்தனை நாள் தள்ளுவீங்க?"

முத்துவீரன் திடுக்கிட்டுப் பார்த்தார். குணா இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "வேணும்னே தள்ளுறாரா? வண்டி ஸ்டார்ட் ஆகாமத்தானே தள்ளுறீங்க? நான் அப்படித்தான் நினைச்சேன்."

"கீழ போனா முதல் உதைக்கே எடுக்குதே, கேட்டதில்லையா?" என்றாள் பிரியங்கா. "பாப்பா வந்த நாள்ல இருந்து தள்ளுறார். அன்னைக்கு வழுக்கி விழுந்தாரே, நான் ஜன்னல்லேருந்து பாத்தேன். புள்ளையைப் போட்டுட்டு ஓடி வரவும் முடியல."

முத்துவீரனுக்கு ஒன்று உறைத்தது. மெல்லத் திரும்பிச் சரிவைப் பார்த்தார். ஒன்றரை அடி வெள்ளைப் பாதை, அவர் வாசலிலிருந்து கீழ்த் திருப்பம் வரை, மழை ஈரத்தில் மின்னியது.

"அது..." என்றார்.

வாசலில் நின்ற மங்கையர்க்கரசிதான் பதில் சொன்னாள். "முனிசிபாலிட்டிக்காரன் உங்க வண்டி அகலத்துக்கு மட்டும் அளந்து பவுடர் போடுவானா? மத்தியானத்துல புள்ளையை என் மடியில போட்டுட்டு, தென்னந்துடைப்பத்தை எடுத்துட்டு இறங்கிருவா. மூணு தரம். சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா. இன்னைக்கு அவளே வாயத் திறந்துட்டா, என் சத்தியம் தீர்ந்துச்சு."

பிரியங்கா வெட்கப்பட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.  பிறந்த குழந்தையோடு தனியாக இருக்கும் ஒரு பெண், தூக்கம் கெட்ட கண்ணோடு, வெயிலில் குனிந்து அந்தச் செங்குத்துச் சாலையைத் தேய்த்திருக்கிறாள். அவர் ஒவ்வொரு காலையும் அதில் கால் வைத்துத்தான் நேரத்துக்கு வேலைக்குப் போயிருக்கிறார். கடவுளிடம் கேட்டுவிட்டு வந்த மறுநாளே அது கிடைத்தது. கொடுத்த கை பதினெட்டு அடி தூரத்தில் இருந்தது, அவர் நன்றி சொன்னதோ முனிசிபாலிட்டிக்கு.

"ரொம்ப நன்றிம்மா" என்றார் கடைசியில். 

"நாங்கதான் சொல்லணும் அண்ணே" என்றாள் அவள். "போன வாரம் எடை போட்டாங்க. முந்நூறு கிராம் ஏறியிருக்கு."

முத்துவீரன் எழுந்தார். "குணா, நீ உதை. மெதுவா. நான் அங்க நிக்கிறேன்." பஜாரில் செய்தது போலவே அடிமேல் அடி வைத்து நடந்து, ஜன்னலுக்கு வெளியே போய் நின்றார். உள்ளே சேலைத் தொட்டில் தெரிந்தது. பிரியங்கா தொட்டிலின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு கையைத் தூக்கிக் காட்டினாள். மங்கையர்க்கரசி கண்ணை மூடிக் கைகூப்பினாள்.

குணா உதைத்தான். வண்டி எழும்பியது. இரண்டு சிலிண்டரும் இரண்டு பக்கத்திலிருந்து அடக்கமாக, ஒருவர் பேசி முடித்ததும் மற்றவர் பேசுவது போல ஓடத் தொடங்கின. பழைய தையல் இயந்திரச் சத்தம். தொட்டிலில் ஓர் அசைவு. சின்னக் கை ஒன்று சேலைக்கு மேலே வந்தது.  உதடு பிதுங்கியது, புருவம் சுருங்கியது, ஒரு கொட்டாவி வந்தது. கை மறுபடி உள்ளே போய்விட்டது.

பிரியங்கா தூக்கிய கையை மெல்ல இறக்கினாள்.

மறுநாள் காலை நாலரை மணிக்குக் கிழக்கே வெளுக்கத் தொடங்கியபோது முத்துவீரன் தன் வாசலிலேயே கிக்கரை உதைத்தார். ஒன்றரை மாதத்துக்குப் பிறகு உட்கார்ந்தபடியே சரிவில் இறங்கினார். முழுச் சாலையும் அவருக்கு இருந்தது. இருந்தும் வண்டியை அந்த வெள்ளைப் பாதையின் மேலேயே ஓட்டினார். ஃபீனிக்ஸ் பேயில் என்ஜின் அறைக்குள் இறங்கும்போது மணி ஐந்தாக இன்னும் பத்து நிமிடம் இருந்தது. மேலதிகாரி பாலத்தில் நின்றபடி கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, அவருக்கு ஒரு தேநீர் சொல்லிவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தமிழ்வாணன் சரிவேறி வந்து, சொன்னபடி ஒரு மணி நேரம் வண்டியை ஓட்டிவிட்டுப் போனார். சைலன்சர் தரவில்லையே என்று அவர் தயங்கியபோதும், முத்துவீரன்தான் சாவியைக் கையில் திணித்தார். அவர் போன பிறகு, முத்துவீரன் ஒரு வாளியில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்துக்கொண்டு, தென்னந்துடைப்பத்தோடு எதிர்வீட்டு வாசலில் குந்தினார். பிரியங்காவின் படியிலிருந்து வெள்ளைப் பாதை வரை நடுவில் பாசி படர்ந்திருந்தது. வாராவாரம் அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எடை பார்க்க இறங்குவது அந்த வழியாகத்தான். முழங்கால் வலித்தது. அவர் மறுகாலை ஊன்றிக்கொண்டு, இரண்டு பேர் நடக்கும் அகலத்துக்குத் தேய்க்கத் தொடங்கினார்.